வின்னியின் இருமலும் இரண்டு வீடுகளும்

வின்னியின் பையைக் கொட்டித் துணிகளைப் பிரிக்கும்போதுதான் மார்னியின் கையில் அந்தக் குவளை அகப்பட்டது. இருமல் மருந்துப் புட்டியின் தலையில் கவிழ்த்து வைத்திருப்பார்களே, ஐந்து, பத்து என்று கோடு போட்ட பிளாஸ்டிக் குவளை, அதுதான். அடியில் பழுப்பாக ஏதோ பிசுபிசுத்தது.

ஒரு மாதமாகவே அவளுக்குச் சந்தேகம். நான்கு வயது வின்னி வெள்ளியும் சனியும் அப்பன் ராஸின் வீட்டில் தூங்குவாள். மற்ற ஐந்து இரவும் மார்னியிடம். மார்னியும் ராஸும் பிரிந்து இரண்டு வருடமாகிறது. இங்கே ஐந்து இரவும் இருமல். அங்கே ஒரு செருமல்கூட இல்லை என்கிறான் அவன். ஹூவான் ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருமுகிற தொண்டை, பாலத்தைத் தாண்டியதும் எப்படி வாயை மூடிக்கொள்ளும்?

தூக்கம் வரவைக்கும் சிரப்பைத்தான் ஊற்றுகிறான் என்று அவள் முடிவுகட்டிவிட்டாள். ஆறு வயதுக்குக் கீழே இருமல் சிரப் வேண்டாம் என்று மருந்துக்கடைப் பெண் எத்தனை முறை சொல்லியிருப்பாள்! அது இருமலைக் குணப்படுத்துவதில்லை, பிள்ளையை மயக்கிப் போடுகிறது, அவ்வளவுதான். புதன்கிழமை மத்தியஸ்தரிடம் போய், வின்னி இனி ராத்திரி அங்கே தங்கக் கூடாது என்று கேட்க மார்னி நேரம் வாங்கி, ராஸுக்கும் தகவல் சொல்லியிருந்தாள். இப்போது சாட்சியும் கிடைத்துவிட்டது.

"இதுல அப்பா என்ன ஊத்துவாரு?"

"தூங்குற மருந்து," என்றாள் வின்னி, ஐந்தாம் கோட்டில் விரலை வைத்து.

"அம்மாகிட்ட சொல்லாதன்னாரா?"

வின்னி யோசித்தாள். "இல்ல. அம்மா குடுக்குறதவிட நல்லாருக்கும்னாரு."

மார்னிக்குச் சுருக்கென்றது. அவள் செய்யாத வைத்தியமா? படுத்தால் மூக்குச் சளி பின்பக்கமாகத் தொண்டைக்குள் இறங்கும். அதைத் தள்ளத்தான் இருமல் வருகிறது. அதனால் கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்தாள். தேன் தொண்டையில் படலமாகப் படிந்து அரிப்பை அடக்கும், ஒரு வயது தாண்டிய பிள்ளைக்குத் தரலாம் என்பதால் வெந்நீரில் தேன் கலக்கிக் கொடுத்தாள். பிள்ளைக்குக் குளிரக் கூடாதென்று, படுக்கப் போகுமுன் விறகுக் கணப்பில் இரண்டு பெரிய கட்டைகளைத் திணித்து, தீக்குக் காற்று விடும் துளையின் தாழை முக்கால்வாசி மூடிவிடுவாள். விடியும்வரை கங்கு இருக்கும். தென்கோடியான அங்கே ஜூன்தான் கடுங்குளிர். அப்படியொரு காலையில் தீக்குச்சி தேடுகிறவளை அந்தப் பள்ளத்தாக்கில் யாரும் மதிப்பதில்லை.

திங்கட்கிழமை வின்னியை மழலைப் பள்ளியில் விட்டுவிட்டு நேரே ராஸ் வீட்டுக்குப் போனாள். அவன் கொல்லையில் கவிழ்த்துப் போட்ட படகைச் சுரண்டிக்கொண்டிருந்தான். குவளையை நீட்டினாள்.

"அது தேன், மார்னி. கரண்டியில குடுத்தா துப்புறா. மருந்துன்னு அளந்து குடுத்தா நக்கி நக்கித் தீக்குறா. குவளை போன வருஷக் காய்ச்சல் மருந்தோடது."

அலமாரியை அவளே திறந்து பார்த்தாள். சிரப் இல்லை. குவளையை முகர்ந்தாள். லெதர்வுட் மரப்பூத் தேனின் அந்தக் காரமான பூவாசம். அவள் வீட்டுப் புட்டியும் அதே சாலையோரக் கடையில் வாங்கியதுதான். அப்போதும் மனம் அடங்கவில்லை. அதே தேன்தான் என்றால் தன் வீட்டில் மட்டும் இருமல் ஏன் அடங்கவில்லை?

"நான் ஒண்ணு கேக்கட்டா?" என்ற ராஸ் உள்ளே போய், ஃபிரிட்ஜில் கறி கட்டிவைக்கும் ஜிப் பையோடு வந்தான். உள்ளே வின்னியின் முயல் படம் போட்ட இரவுச்சட்டை. "திரும்பவும் சிகரெட்டா? வெள்ளிக்கிழமை அவ வந்ததும் எனக்கு முதல் வேலை துணி துவைக்கிறதுதான். இத மட்டும் துவைக்காம வெச்சிருக்கேன், வக்கீலுக்குக் காட்ட."

மார்னி பையைப் பிடுங்கித் திறந்தாள். புகைதான், ஆனால் சிகரெட் புகையில்லை, யூகலிப்டஸ் கட்டைப் புகை. தன் வீட்டில் இந்த நாற்றம் ஒருநாளும் அடித்ததில்லை. அடிக்காது. ஒரே வாசனைக்குள் நாள்முழுக்கக் கிடக்கும் மூக்கு, கொஞ்ச நேரத்தில் அதைப் பற்றிச் சொல்வதை நிறுத்திவிடும். ராஸின் வீட்டில் கணப்பே இல்லை. சுவரில் மாட்டிய மின்சாரச் சூடேற்றிதான்.

பையை அவனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வண்டியை எடுத்தாள்.

வீட்டில் கணப்பு ஆறியிருந்தது. அதன் கதவின் உள்விளிம்பைச் சுற்றி, புகை கசியாதிருக்க ஒரு தடித்த கயிறு பதித்திருக்கும். அது சரியாக இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு: காகிதத் துண்டு ஒன்றைக் கதவிடுக்கில் வைத்து மூடி, வெளியே இழுக்க வேண்டும். கயிறு நன்றாக அழுத்தினால் காகிதம் கிழியும். மார்னி இழுத்தாள். வெண்ணெயில் இறங்கிய கத்திபோல வழுக்கிக்கொண்டு வந்தது. நான்கு பக்கமும் அப்படியே.

தாழை மூடினால் தீ எரியாது, மூச்சு முட்டிப் புகையும். புகைபோக்கி ஆறிப்போகும், ஆறிய குழாய் புகையை மேலே இழுக்காது. போக வழியில்லாத புகை கதவிடுக்கு வழியாக வீட்டுக்குள் வரும். விடிய விடிய. இத்தனைக்கும் வின்னிக்குக் கதகதப்பாக இருக்கட்டும் என்று அறைக் கதவைத் திறந்துவைத்தது அவள்தான்.

கடைக்குத் தொலைபேசியில் பேசிப் புதுக் கயிறு கேட்டாள். பிறகு ராஸைக் கூப்பிட்டாள்.

"ராஸ், இன்னைக்கு வின்னிய நீயே கூட்டிட்டுப் போறியா? நாளைக்கும் அங்கயே இருக்கட்டும்."

அந்தப் பக்கம் சுரண்டும் சத்தம் நின்றது. "ராத்திரி இங்க தங்கவே கூடாதுன்னு மத்தியஸ்தர்கிட்ட போறவ நீ. இப்ப என்ன திடீர்னு? யார் வர்றா வீட்டுக்கு?"

"கயிறு வருது. கணப்புக் கதவுக்கு. கடையில ரெண்டு நாளாகும்னு சொல்றாங்க." காகிதத்தைப் பற்றியும் தாழைப் பற்றியும் சொன்னாள்.

"அப்ப புதன்கிழமை?"

"போகல. கயிறு மாத்தி, தாழத் திறந்துவெச்சு நாலு ராத்திரி பாப்போம்."

"சரி. ஆனா அந்தப் பைய நான் தூக்கிப் போடமாட்டேன்."

"போடாத," என்றாள் மார்னி. "நானும் குவளையக் கழுவல."