மாதிரி 23 முதல் 29 வரை

1

இந்தக் கதை எனக்கு ஒரு சான்றிதழோடு வந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

இந்தச் சித்திரைத் தொடக்கத்தில் ஒரு மின்னிதழ் எனக்குக் கடிதம் போட்டது. இதழின் பெயரில் ‘சர்வதேச’, ‘முன்னேற்ற’, ‘புதுமை’ மூன்றும் இருந்தன. எதைப் பற்றிய இதழ் என்பது மட்டும் இல்லை. “மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களே, தங்கள் துறைப் புலமையை அறிந்து…” என்று ஆரம்பித்தது. நான் எம்.ஏ. தமிழ் இரண்டாம் ஆண்டு, இரண்டு பேப்பர் அரியர். நான் மதிப்பிட வேண்டியிருந்ததோ குடிதண்ணீரில் உள்ள ஃப்ளோரைடு பற்றிய கட்டுரை. எப்படி என்னைப் பிடித்தார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். முந்தின வருஷம் வேறொரு மின்னிதழில் ‘பழைய பாட்டுகளில் நீர்நிலைகள்’ என்று ஒன்று எழுதியிருந்தேன். இயந்திரம் தண்ணீரைத் தேடியிருக்கிறது, நான் அகப்பட்டிருக்கிறேன்.

கெடு நாற்பத்தெட்டு மணிநேரம். எனக்குப் பதினோரு நிமிஷம் போதுமாக இருந்தது. அதில் எட்டு, பாஸ்வேர்டு உண்டாக்குவதில் போனது. “நல்ல கட்டுரை. ஏற்கலாம்” என்று எழுதினேன். மறுநாள் ‘சிறந்த மதிப்பீட்டாளர்’ என்று தங்கக் கரை போட்ட சான்றிதழ் வந்தது. அதை விடுதிச் சுவரில் ஒட்டினேன்.

அறைத்தோழன் ஸ்டீபன் பார்த்துவிட்டு, “மாப்ள, ஃப்ளோரைடுன்னா என்னன்னு தெரியுமாடா?” என்றான்.

“பல்பொடியில இருக்கும்.”

“அம்புட்டுத்தானா?”

“ஏத்துக்கிறதுக்கு அம்புட்டுப் போதும் மாப்ள.”

2

கதையின் ஆள் நான் இல்லை. பெர்சி. ஒத்தக்கடைப் பக்கம் ஒரு கல்லூரியில் (பெயரை எழுதி அடித்துவிட்டேன்) முனைவர் பட்ட ஆய்வு செய்கிறாள். அவளை எப்படிக் கொண்டுவருவது என்பதில் மூன்று தொடக்கங்கள் வீணாயின.

தொடக்கம் ஒன்று: “பெர்சி நேர்மையானவள்.” இதை எழுதியதுமே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. உங்களுக்கும் வந்திருக்கும்.

தொடக்கம் இரண்டு: “தல்லாகுளத்து வீட்டில் கணக்கு வாத்தியார் இன்னாசிமுத்துவின் ஒரே மகள் கண்ணாடி முன்னால் நின்று தன் முகத்தை…” வேண்டாம்.

மூன்று: “சித்திரை இருபதாம் தேதி மாட்டுத்தாவணி சிக்னலில் பஸ் நின்றபோது பெர்சியின் போன் ஒருமுறை அதிர்ந்தது.” இதை வைத்துக்கொள்கிறேன். போன் அதிர்ந்தது உண்மை. தேதி என்னுடையது.

கட்டுரை இதுதான். உசிலம்பட்டிக்குத் தெற்கே ஒரு கிராமம். போர்வெல் தண்ணீரில் ஃப்ளோரைடு லிட்டருக்கு மூன்று மில்லிகிராமுக்கு மேல். ஒன்றரையைத் தாண்டினாலே பிள்ளைகளின் பல் பழுப்பேறும், போகப்போக முட்டி வளையும். கல்லூரி அங்கே மேல்நிலைத் தொட்டிக்கு அடியில் ஒரு வடிகட்டி வைத்தது. வடிகட்டியைவிடப் பெரிதாக ஒரு கல்வெட்டும் வைத்தது. வைப்பதற்கு முன் இருபத்திரண்டு பாட்டில் தண்ணீர், வைத்த பின் ஏழு. அந்த ஏழிலும் ஃப்ளோரைடு அரை மில்லிகிராம் சுமாருக்கு இறங்கிவிட்டது. வடிகட்டி வேலை செய்கிறது என்பதற்கு ஆதாரம் அட்டவணை நான்கில் மாதிரி 23 முதல் 29 வரை. முடிந்தது கட்டுரை.

கட்டுரை அச்சேறினால்தான் பெர்சி ஆய்வேட்டைக் கொடுக்க முடியும். மாதக் கடைசி இறுதி நாள். ஏற்கெனவே இரண்டு தடவை நீட்டிப்பு வாங்கியாயிற்று, மூன்றாவது கிடையாது. ஆறு வருஷம்.

3

போனில் வந்தது இதழின் பதில். முதல் மதிப்பீட்டாளர்: “நல்ல கட்டுரை. ஏற்கலாம்.” (ஆமாம். மேலே போவோம்.)

இரண்டாம் மதிப்பீட்டாளர் நார்வே நாட்டுப் பேராசிரியர். இரண்டு பக்கம் எழுதியிருந்தார். பெர்சி நின்றுகொண்டே படித்தாள். ஏழாவது வரியில், கம்பியைப் பிடித்திருந்த கை நழுவிப் பக்கத்துச் சீட்டு அம்மாளின் பூக்கூடையில் விழுந்தது.

“மாதிரி 23 முதல் 29 வரை ஏழும் செவ்வாய்க்கிழமைகளில் எடுக்கப்பட்டவை. வடிகட்டி வைத்த அதே மாதம் அந்த ஊருக்கு ஆற்றுத் தண்ணீர்க் குழாயும் வந்தது. செவ்வாய்க்கிழமை மட்டும் தொட்டியில் ஆற்றுத் தண்ணீர் ஏறும். மற்ற ஆறு நாளும் போர் தண்ணீர். எனவே நீங்கள் அளந்தது வடிகட்டியை அல்ல.”

செவ்வாய்க்கிழமை என்பது உண்மைதான். கல்லூரி வேன் அன்றைக்குத்தான் சும்மா நிற்கும்.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். மின்னிதழ்கள் கட்டுரை எழுதியவரிடமே ‘தகுதியான மதிப்பீட்டாளர் ஒருவரைப் பரிந்துரையுங்கள், மின்னஞ்சல் முகவரியோடு’ என்று கேட்கும். இந்தக் கதையின் ஆய்வகத்தில் பெயர் வெளிநாட்டிலிருந்து வரும், முகவரி ஆய்வகத்திலேயே தயாராகும். மதிப்பீட்டை எழுதுவது ஜூனியர் வேலை, பாட்டில் கழுவுகிற மாதிரி. பெர்சியும் ஜூனியராக இருந்தவள்தான். ஒரு வருஷம் அவள் கனடாவாக இருந்திருக்கிறாள்.

(அச்சு இதழ்களின் காலத்தில் இதெல்லாம் இல்லை என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். எனக்கு அதிலும் சந்தேகம். அப்போது தபாலில் போய் இரண்டு வருஷம் கழித்துப் பதில் வரும். தாமதம் தூரத்திலிருந்து பார்க்க ஒழுங்கு மாதிரியே இருக்கும்.)

ஆக, நார்வே புகழ்ந்திருக்க வேண்டும். புகழவில்லை. மறுநாள் வழிகாட்டி முனைவர் அழகுமலை, இதழின் பதிலைக் கையில் பிடித்துக்கொண்டு ஆய்வகத்துக்குள் வந்தார். அவர் முகத்தில் கோபமே இல்லை. பயம்தான் இருந்தது.

“ஏம்மா, நெசமாவே யாரோ படிச்சுட்டானா?”

ஜூனியர் தமிழ்வாணி கழுவிக்கொண்டிருந்த குடுவையைக் கீழே வைக்கவில்லை. “மெயில் எப்படியோ அந்த வெள்ளைக்காரருக்கே போயிருச்சு போல சார்.”

“படிக்கிற ஆளுக்கெல்லாம் யாரும்மா அனுப்பச் சொன்னது?” அழகுமலை பெர்சி பக்கம் திரும்பினார். “ஏழு நாள் டைம் குடுத்திருக்கான். ‘மதிப்பீட்டாளருக்கு நன்றி, அவர் கருத்தை வருங்கால ஆய்வில் கவனத்தில் கொள்வோம்’னு ரெண்டு வரி போட்டு ஏத்திவிடு. அடுத்த கட்டம் நாலு ஊருக்கு வடிகட்டி போகுது. இந்த நேரத்துல இதைக் கிண்டாதே.”

“சார், அவர் சொல்றது சரியா இருந்தா…”

“நார்வேக்காரன் உசிலம்பட்டியைக் கண்டானா?”

கேலியாகத்தான் கேட்டார். பெர்சிக்கு அந்தக் கேள்வி அங்கேயே நின்றுவிட்டது. கண்டானா? செவ்வாய்க்கிழமை எந்த வால்வைத் திறப்பார்கள் என்பது நார்வேக்கு எப்படித் தெரியும்?

4

இந்த இடத்தில் துப்பறியும் கதை மாதிரி நாலு பேர் மேல் சந்தேகத்தைத் திருப்பலாம் என்று இருந்தேன். வேதியியல் துறையின் எதிர்க்கோஷ்டி, வேன் டிரைவர், அழகுமலையே கூட. இரண்டு பக்கம் எழுதினேன். வேன் டிரைவர் நன்றாக வந்திருந்தார். ஆனால் பெர்சிக்கு அவ்வளவு நேரம் ஆகவில்லை. சாயங்காலம் ஒத்தக்கடை பஸ் ஸ்டாப்பில் தமிழ்வாணியின் பக்கத்தில் போய் நின்றாள்.

“வாணி, உங்கப்பா ஊர்ல என்ன வேலை பாக்குறாரு?”

“டேங்க் ஆபரேட்டர்க்கா.”

“எந்த டேங்க்?”

“நம்ம வடிகட்டி வச்ச டேங்க்.” தமிழ்வாணி பஸ் வருகிற திசையையே பார்த்தாள். “வால்வு அவருதான் திறப்பாரு.”

பெர்சிக்குக் கோபம் வந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. “ஏன் வாணி, என்கிட்ட ஒரு வார்த்தை நேர்ல சொல்லக்கூடாதா? இம்புட்டு நாளும் பக்கத்து மேசைலதானே இருக்க?”

“சொன்னேன்க்கா.”

“எப்ப?”

“தை மாசம். கடைசி பாட்டில் வந்த அன்னைக்கு. ‘அக்கா, செவ்வாக்கெழமை ஆத்துத் தண்ணி வரும்’னேன். ‘அதெல்லாம் வடிகட்டி பாத்துக்கும் வாணி, நீ லேபிளை ஒழுங்கா ஒட்டு’ன்னீங்க.”

பெர்சி யோசித்தாள். லேபிள் ஞாபகம் இருந்தது. வேறெதுவும் ஞாபகம் வரவில்லை.

“சார் என்னைய நார்வேயா உக்காரச் சொன்னப்பதான் தோணுச்சு,” என்றாள் தமிழ்வாணி. “அதே வார்த்தைதான்க்கா எழுதுனேன். இங்கிலீஷ்ல. இப்பத்தான் உங்க காதுல விழுது.”

மாட்டுத்தாவணி பஸ் வந்தது. இருவரும் ஏறவில்லை.

5

வியாழக்கிழமை வேன் கேட்காமல், பஸ்ஸில் உசிலம்பட்டி போய் டவுன் பஸ் மாறி, அந்த ஊருக்குப் போனார்கள். தமிழ்வாணியின் அப்பா சோணைமுத்து தொட்டிக்கு அடியில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு நின்றார்.

“வாங்க டீச்சர். இன்னைக்கு வேன் வரலையா?”

“இல்லண்ணே. இன்னைக்குத் தொட்டில என்ன தண்ணி?”

“போர் தண்ணிதான். முந்தாநாள் ராத்திரியே ஆத்துத் தண்ணி காலியாயிருச்சு.” கல்வெட்டில் இருந்த தூசியைத் துண்டால் தட்டினார். “குழாய் வந்த புதுசுல ரெண்டு வாரம் சனம் செவ்வாக்கெழமை ஆத்துத் தண்ணியப் பிடிச்சு வாரம் பூராம் வச்சுக் குடிச்சுச்சு. இந்த வடிகட்டி வந்ததுல இருந்து பிடிக்கிறதில்ல. அதான் தெனமும் நல்ல தண்ணி வருதேங்குறாங்க.”

“நீங்க என்ன குடிக்கிறீங்க?”

“நான் செவ்வாக்கெழமைத் தண்ணிதான் டீச்சர். எனக்குத் தெரியும்ல.”

“மத்தவங்ககிட்டச் சொல்லலாம்ல?”

“சொன்னேன். காலேஜைவிட உனக்குத் தெரியுமான்னு சிரிச்சாங்க.” அவரும் சிரித்தார். “நியாயந்தான?”

பெர்சி வடிகட்டிக் குழாயில் ஏழு பாட்டில் பிடித்தாள். கொண்டுபோயிருந்த கைமீட்டரில் ஃப்ளோரைடு சராசரி இரண்டு புள்ளி ஒன்பது.

திரும்புகிற பஸ்ஸில் பெர்சி சொன்னாள்: “இதழுக்கு எல்லாத்தையும் எழுதப் போறேன். உன் பேரைப் போட மாட்டேன், பயப்படாதே.”

“போடுங்கக்கா,” என்றாள் தமிழ்வாணி. “நார்வே பேருல கெடக்குறதுக்கு என் பேருலயாச்சும் இருக்கட்டும்.”

(நான் போடவில்லை. தமிழ்வாணி என்பது நான் வைத்த பெயர். இரண்டாவது தடவையும் அவள் சொன்னது வேறொரு பெயரில்தான் அச்சாகிறது. இதை நான் கவனிக்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள்.)

6

முடிவுகள்.

அ) கட்டுரை திருத்தத்தோடு வெளியாகிறது, ஊருக்குப் புது வடிகட்டி வருகிறது, பெர்சி டாக்டர் பட்டம் வாங்குகிறாள், அழகுமலை மனம் திருந்துகிறார். இதை எழுதி முடித்தபோது எனக்குப் பரம திருப்தியாக இருந்தது. அதுதான் உறுத்தியது. இவ்வளவு பாராட்டு வந்தால் மதிப்பீட்டை எழுதியவர் உள்ளூர்க்காரர்.

ஆ) பெர்சி கடைசி நேரத்தில் கடிதத்தை அழித்துவிட்டு, ‘மதிப்பீட்டாளருக்கு நன்றி’ என்று…

இ) சோணைமுத்து தொட்டியின் மேல் ஏறி நின்று ஊரைக் கூட்டி… அவர் ஏற மாட்டார். முட்டி வலி.

7

நடந்தது இவ்வளவுதான். இதழின் தளத்தில் கட்டுரையின் கணக்கும் பாஸ்வேர்டும் பெர்சியிடம்தான் இருந்தன. அழகுமலை அந்த மாதிரி வேலைகளைச் செய்வதில்லை. ஆறாம் நாள் அவள் அட்டவணை நான்கை மாற்றி ஏற்றினாள். வடிகட்டி வேலை செய்யவில்லை என்று முடிவுரையை எழுதினாள். கூடவே ஆசிரியருக்கு ஒரு நீண்ட கடிதம். அதன் முதல் மூன்று வரி: “இரண்டாம் மதிப்பீட்டாளரின் பெயர் பொய். அவர் சொன்னது உண்மை. இதற்கு முன் நானும் பொய்ப் பெயரில் மதிப்பிட்டிருக்கிறேன்.”

அழகுமலைக்கு இதழிலிருந்து தானியங்கித் தகவல் போனது. அவர் உடனே எழுதினார்: மாணவி அனுமதியின்றி மாற்றிவிட்டார், முதல் வடிவமே செல்லும்.

இதழின் ஆசிரியர் மனிதரா இயந்திரமா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. நார்வேயை நீக்கிவிட்டு, மிச்சமிருந்த ஒரே மதிப்பீட்டாளருக்கு எல்லாவற்றையும் அனுப்பிவைத்தது. எழுதியவர் பெயரை மறைப்பது விதி என்று சொல்கிறார்கள். எனக்கு வந்த மின்னஞ்சலில் கடிதம், பெயர், போன் நம்பர் எல்லாம் இருந்தன. பெர்சியை நான் அறிந்தது அப்படித்தான். பஸ் ஸ்டாப்பும் பாட்டிலும் அந்தக் கடிதத்தில் இருந்தவை. பூக்கூடை என் சேர்க்கை.

கூட ஒரு படிவம். ஒரே கேள்வி: “தங்கள் முந்தைய பரிந்துரையில் மாற்றம் உண்டா?” நாற்பத்தெட்டு மணிநேரத்தில் பதில் வராவிட்டால் முந்தையதே நிற்கும், முதல் வடிவம் அச்சேறும். அதாவது, “நல்ல கட்டுரை. ஏற்கலாம்.”

‘உண்டு’ என்பதைத் தொட்டேன். கீழே ஒரு பெட்டி திறந்தது: “காரணத்தையும், இத்துறையில் தங்கள் தகுதியையும் குறிப்பிடவும்.” ஏற்றுக்கொண்டபோது என்னை ஒருவரும் இதைக் கேட்கவில்லை.

எம்.ஏ. தமிழ் என்று எழுதினால் நான் செல்லாதவன். புது ஆளைத் தேடுவார்கள், மாதக் கடைசி போய்விடும், பெர்சியின் ஆறு வருஷமும் போய்விடும். பேராசிரியர் என்று எழுதினால் உண்மை கரையேறும், இன்னொரு பொய் நார்வேயின் தோளில் ஏறி. சும்மா இருந்தால் நாலு ஊருக்கு வடிகட்டி போகும்.

“என்ன மாப்ள, பெட்டியையே பாத்துட்டிருக்க?” என்றான் ஸ்டீபன்.

“தகுதி கேக்குறாங்கடா.”

அவன் சுவரில் இருந்த சான்றிதழைப் பார்த்தான். பிறகு வெளியே போனான்.

இருபத்தொன்பது மணிநேரம் மிச்சமிருக்கிறது. இந்தக் கதையை அந்தப் பெட்டிக்குள்தான் தட்டிக்கொண்டிருக்கிறேன். எழுத்து வரம்பை எப்போதோ தாண்டிவிட்டது, பெட்டி சிவப்பாக இருக்கிறது. இதுவரை படித்த நீங்களும் இப்போது மதிப்பீட்டாளர்தான். என்னைவிட அதிகமாகப் படித்திருக்கிறீர்கள். ஆனால் யோசியுங்கள்: நடந்த எல்லாவற்றுக்கும் உங்களிடம் இருப்பது என் வார்த்தை ஒன்றுதான். பதினோரு நிமிஷத்தில் ஒரு ஊரின் தண்ணீரை ஏற்றுக்கொண்டவனின் வார்த்தை. இரண்டு புள்ளி ஒன்பது என்பதையும் நான்தான் சொல்கிறேன்.

அதனால் எதையும் ஏற்காதீர்கள். ஒரு சுத்தமான பாட்டிலை எடுத்துக்கொண்டு உசிலம்பட்டி பஸ் ஏறுங்கள். தொட்டிக்கு அடியில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு ஒருவர் நின்றால், இன்றைக்கு என்ன தண்ணீர் என்று அவரைக் கேளுங்கள். அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு பிடியுங்கள். என்றைக்கு வேண்டுமானாலும் போகலாம்.

செவ்வாய்க்கிழமை மட்டும் வேண்டாம்.