செயலாளரின் பார்சல்

கடைத்தெரு வியாபாரிகள் சங்கத்தின் செயலாளர் திரைச்சீலைக் கடை வைத்திருந்தார். பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாதவர் என்பதால் தெருவில் அவருக்கு ‘மைக்’ என்று பட்டப்பெயர். அவருக்கு அது தெரியும். உள்ளூரப் பெருமையும் உண்டு.

தெருவின் கோடியில் பழைய லாரி பட்டறை இருந்த இடத்தில் பெரிய பல்பொருள் அங்காடி ஒன்று வரப்போகிறது என்ற செய்தி வந்ததிலிருந்து சங்கம் சுறுசுறுப்பாகிவிட்டது. நகராட்சிக்கு மனு கொடுத்தார்கள். வீடு வீடாகப் போய் ஆதரவு கேட்டார்கள். எல்லாக் கடைக் கண்ணாடியிலும் ஒரு மஞ்சள் சுவரொட்டி ஏறியது. ‘தெருவில் வாங்கினால் தெருவிலேயே தங்கும்.’ அந்த வாசகம் செயலாளர் எழுதியது. குளிக்கும்போது யோசித்தாயா என்று செருப்புக்கடைக்காரர் கேலி செய்தாலும், முதல் சுவரொட்டியைக் கேட்டு வாங்கித் தன் கடையில் ஒட்டியவர் அவர்தான். இருவரும் ஒரே வருடத்தில் எதிரெதிரே கடை போட்டவர்கள். செயலாளரின் மனைவியை அவர் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார்.

அந்த மனைவியைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். சங்கத்தின் வாசகம் பிறப்பதற்கு எத்தனையோ வருடம் முன்பே அதன்படி நடந்தவள் அவள். துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினால் மளிகை, காய்கறி, ஊசி நூல் என எல்லாம் அந்தத் தெருவிலேயே முடித்துக்கொண்டு, நாலு பேரிடம் நலம் விசாரித்துவிட்டுத்தான் திரும்புவாள். வெளியில் விலை குறைவு என்று யாராவது சொன்னால், “அங்க போனா என்னை யாரு அக்கான்னு கூப்பிடப் போறாங்க?” என்பாள்.

நகராட்சி அதிகாரி இரு தரப்பையும் நேரில் கேட்கும் கூட்டத்துக்கு முந்தைய வாரம், சங்கக் கட்டடத்தின் மாடி அறையில் எல்லோரும் கூடினார்கள். தலைவரான மருந்துக்கடை அம்மா சுருக்கமாகப் பேசி உட்கார்ந்தார். பிறகு செயலாளர் எழுந்தார்.

“போனைத் தட்டினா பொருள் வருது, சரி. உங்க வீட்டுல ஒருத்தருக்கு உடம்பு சரியில்லைன்னா அந்தப் போன் ஓடி வருமா? நாம தான் வருவோம். கையில வெண்ணெய் வச்சுக்கிட்டு நெய்க்கு அலையிறவங்களைப் பார்த்து நான் கேக்குறேன்...”

கைதட்டல் அடங்குமுன் வாசலில் ஓர் ஆள் நின்றான். தலையில் ஹெல்மெட், கையில் அட்டைப்பெட்டி. செயலாளரின் பெயரை உரக்கப் படித்து, “இங்க யாரு சார்? கடை பூட்டியிருந்துச்சு. போன் பண்ணினா எடுக்கல. பக்கத்துக் கடையில இங்க இருப்பாருன்னு சொன்னாங்க. ஓடிபி சொல்லுங்க” என்றான்.

அறையே அந்தப் பெட்டியைப் பார்த்தது. அதன் பக்கவாட்டில் ஒரு ஷூவின் படம் பெரிதாக அச்சாகியிருந்தது.

உண்மை இதுதான். ஒரு மத்தியானம் வியாபாரம் மந்தமாக இருந்தபோது செயலாளர் கைப்பேசியைத் தடவிக்கொண்டிருந்தார். நடைப்பயிற்சிக்கு ஏற்ற ஷூ, பாதி விலை என்று வந்தது. எதிரே செருப்புக்கடைக்காரர் யாருக்கோ குனிந்து செருப்பு போட்டுவிட்டுக்கொண்டிருப்பது கண்ணாடி வழியே தெரிந்தது. ஒரு கணம் தயங்கிய விரல், பிறகு தட்டிவிட்டது. வீட்டுக்கு வந்தால் மனைவி கேட்பாள் என்று கடை முகவரியைக் கொடுத்தார். ஏன் செய்தோம் என்று பிற்பாடு எத்தனையோ முறை யோசித்தும் மலிவு என்பதைத் தவிர வேறு காரணம் அவருக்குக் கிடைக்கவில்லை.

இப்போது எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செருப்புக்கடைக்காரர் முன்வரிசையில் இருந்தார். அவர் முகத்தில் கோபம்கூட இல்லை, புரியாமல் விழித்தார்.

“என் வீட்டுக்காரி...” என்றார் செயலாளர். வாய் தானாகவே பேசியது. “அவ ஏதோ ஆர்டர் போட்டிருக்கா போல. எத்தனை சொன்னாலும் கேக்குறதில்ல. என்ன பண்றது, ஊருக்குத்தானே உபதேசம்!”

சிரிப்பு கிளம்பியது. இறுக்கம் கலைந்ததில் எல்லோருக்குமே நிம்மதி. மளிகைக்காரர் தொடையில் தட்டிச் சிரித்தார். செயலாளரும் சிரித்தபடி எண்ணைச் சொல்லிப் பெட்டியை வாங்கி நாற்காலிக்கு அடியில் தள்ளினார். மிச்சப் பேச்சையும் பேசி முடித்தார். அதற்கும் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல்தான் அவருக்கு உறைத்தது.

மறுநாள் கடையில் ஷூவைப் போட்டுப் பார்த்தார். சுண்டுவிரலைக் கடித்தது. திருப்பி அனுப்புவதற்கு மறுபடி அந்த ஆள் தெருவுக்குள் வரவேண்டும் என்பதால், பெட்டியைத் திரைச்சீலைக் கட்டுகளுக்குப் பின்னால் செருகிவைத்தார். வீட்டில் எதுவும் சொல்லவில்லை. ஒரு வார்த்தைதானே, சிரிப்போடு போயிற்று, யார் ஞாபகம் வைத்திருக்கப் போகிறார்கள் என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டார்.

தெரு ஞாபகம் வைத்திருந்தது. மனைவி ஒருநாள் சாப்பிடும்போது, “மளிகைக்கார அண்ணன் இன்னிக்கு, ‘என்னக்கா, இதெல்லாம்கூடப் போன்ல வராதா’ன்னு கேட்டாருங்க. எதுக்கு அப்படிக் கேட்டாருன்னே புரியல” என்றாள்.

“அவரு எப்பவும் அப்படித்தானே, ஏதாவது உளறுவாரு” என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்தார்.

நகராட்சிக் கூட்டத்துக்கு முதல் நாள் சாயங்காலம் அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தாள். செருப்பின் வார் அறுந்து தொங்கியது. வாசலிலேயே கழற்றிப் போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“என்னாச்சு? செருப்புக்கடையில கொடுத்துத் தைக்க வேண்டியதுதானே?”

“அங்கதான் போனேன்.” அவள் குரல் வழக்கம்போல் இல்லை. “கடை நிறைய ஆளுங்க. அண்ணே, வார் அறுந்துடுச்சுன்னு நீட்டினேன். ‘எதுல வாங்குறியோ அதுலயே தைச்சுக்க வேண்டியதுதானே தங்கச்சி, அறுந்தா மட்டும் அண்ணனா’ன்னு கேட்டாரு. எல்லாரும் சிரிச்சாங்க. இந்தச் செருப்பே அவரு கடையில வாங்கினதுதாங்க.”

செயலாளர் மின்விசிறியைப் போட்டுவிட்டு வந்தார்.

“நான் என்னங்க வாங்கினேன்?” என்று கேட்டாள். “நீங்க எதாவது சொன்னீங்களா?”

மைக் என்று பேர் எடுத்தவருக்கு அன்று நாலு வாக்கியம் சொல்வதே பெரும்பாடாக இருந்தது. ஷூ, பெட்டி, கூட்டம், தான் சொன்ன வார்த்தை, எல்லாவற்றையும் சொன்னார். அவள் திட்டுவாள் என்று காத்திருந்தார். திட்டியிருந்தால் தேவலை. அவள் அறுந்த செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“விலை குறைச்சல்னு வாங்கினதுகூடப் பெருசில்ல” என்றாள் கடைசியில். “யார் மேல தூக்கிப் போடலாம்னு தேடினப்போ உங்களுக்கு முதல்ல கிடைச்சது நான்தானா?”

“வாய் தவறி...”

“வாய் தவறலைங்க. சரியாத்தான் பார்த்துச் சொல்லியிருக்கு. நான்னா எல்லாரும் சிரிச்சுட்டு விட்டுடுவாங்கன்னு அதுக்குத் தெரிஞ்சிருக்கு.”

“நாளைக்கே எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்.”

“நாளைக்கு வேணாம். சங்கம் இத்தனை நாள் ஓடினது வீணாகக் கூடாது. கூட்டம் முடியட்டும். அப்புறம் சொல்லுங்க.” எழுந்து உள்ளே போனாள். அவளை இவ்வளவு அவமானப்படுத்திய தெருவுக்காக அவள் யோசிக்கிறாளே என்று அவருக்குக் கூசியது.

மறுநாள் நகராட்சி அரங்கில் தெருவே திரண்டிருந்தது. பெண்கள் பக்கம் கடைசி வரிசையில் மனைவி உட்கார்ந்திருந்தாள். சங்கத்தின் சார்பில் மருந்துக்கடை அம்மா நிதானமாகப் பேசினார். பகலில் பெரிய லாரிகள் உள்ளே வந்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எப்படித் தெருவைக் கடப்பார்கள், மழைநீர்க் கால்வாயை அடைத்துக் கட்டினால் தண்ணீர் யார் வீட்டுக்குள் போகும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அதிகாரி குறித்துக்கொண்டார்.

பிறகு அங்காடியின் வக்கீல் எழுந்தார். சிரித்த முகம்.

“தெருவிலேயே வாங்குங்கன்னு சங்கம் சொல்லுது. நல்ல வாசகம். ஆனா அதை எழுதின செயலாளரோட மனைவியே வெளியிலதான் வாங்குறாங்களாமே? தெரு முழுக்கப் பேசிக்கிறாங்க. வீட்டுக்குள்ளேயே செல்லாத சரக்கை நம்மகிட்ட விக்க வந்திருக்காங்க.”

அரங்கத்தில் சிரிப்பு பரவியது. அதிகாரியின் உதடும் லேசாக விரிந்தது. தெருக்காரர்கள் ஒவ்வொருவராகத் திரும்பிக் கடைசி வரிசையைப் பார்த்தார்கள். அவள் தலையைக் குனியவில்லை. துணிப்பையின் காதை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி இருந்தாள். தான் செய்யாததற்கு, சங்கத்துக்காக, வாயை மூடிக்கொண்டு.

செயலாளர் எழுந்தார். எழுந்தது அவருக்கே தெரியவில்லை.

“ஐயா, அது என் மனைவி இல்ல. நான்.”

“என்ன?” என்றார் அதிகாரி.

“அந்த ஷூவை வாங்கினது நான். பார்சல் வந்தப்போ மாட்டிக்கிட்டேன்னு அவ மேல பழியைப் போட்டேன். அவ அந்தத் தெருவை விட்டு வெளியில ஒரு குண்டூசிகூட வாங்கினதில்ல. வக்கீல் ஐயா சொல்றது நியாயம்தான், நான் எழுதினதை நானே மதிக்கல. ஆனா தலைவரம்மா சொன்ன லாரியும் கால்வாயும் என் ஷூவால பொய்யாயிடாது.”

உட்கார்ந்தார். யாரும் கைதட்டவில்லை. முன்வரிசையிலிருந்து நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. செருப்புக்கடைக்காரர் எழுந்து, யாரையும் பார்க்காமல் வெளியே போனார்.

அங்காடிக்கு அனுமதி கிடைத்துவிட்டது. பகலில் லாரி வரக்கூடாது, கால்வாயைத் தொடக்கூடாது என்ற நிபந்தனைகளோடு. தோல்வி என்றும் சொல்லலாம், பாதி வெற்றி என்றும் சொல்லலாம். தன்னால்தான் பாதி போயிற்று என்று செயலாளர் நம்பினார். அப்படி இல்லை என்று யாரும் வந்து சொல்லவில்லை.

ராஜினாமா செய்வதாக மருந்துக்கடை அம்மாவிடம் போய்ச் சொன்னார்.

“வேணாம்னு சொல்லுவேன்னு எதிர்பார்க்காதீங்க” என்றார் அவர், மாத்திரை அட்டைகளை அடுக்கியபடியே. “நீங்க நல்லா பேசுறவரு. ஆனா இனி நீங்க பேசினா, கேக்குறவங்க உங்க காலைப் பார்ப்பாங்க. கொஞ்ச நாள் சும்மா உறுப்பினரா இருங்க.”

அன்று கடையடைத்து வீடு திரும்பியபோது செருப்புக்கடைக்காரர் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். இவர் நுழைந்ததும் எழுந்துகொண்டார்.

“உன்கிட்டப் பேச வரலடா. தங்கச்சிகிட்ட வந்தேன்.” ஆனாலும் அவரால் பேசாமல் இருக்க முடியவில்லை. “நீ எங்க வேணா வாங்கிக்கோ, அது உன் பணம், உன் கால். எத்தனை பேரு பார்க்க நான் அந்தப் பொண்ணை என்ன வார்த்தை கேட்டேன் தெரியுமா? உன்னை நம்பிக் கேட்டேன்டா. என் வாயையும் சேர்த்து அழுக்காக்கிட்டியே.”

சமையலறையிலிருந்து மனைவி வந்தாள். “அவரு சொன்னாரு, சரி. நீங்க என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேண்ணே” என்றாள். “இத்தனை வருசமாப் பார்க்குறீங்க.”

செருப்புக்கடைக்காரர் தலையாட்டிவிட்டுப் படியிறங்கினார். இரண்டு ஆண்களையும் அவள் ஒரே தராசில் வைத்தது இருவருக்குமே புரிந்தது.

அதற்குப் பிறகு அவள் மறுபடியும் துணிப்பையோடு தெருவுக்குப் போனாள். இப்போது தலைகுனிந்தவர்கள் கடைக்காரர்கள். மளிகைக்காரர் எடை போட்டதற்கு மேல் ஒரு கை அள்ளிப் போட்டார். அவள் அந்த ஒரு கையைத் திரும்ப எடுத்து வைத்துவிட்டு, “சரியா போடுங்கண்ணே, போதும்” என்றாள். வீட்டில் அவரோடு பேசினாள். மின்கட்டணம், தண்ணீர் மோட்டார், வெளியூரில் இருக்கும் மகள் எப்போது வருகிறாள் என்ற அளவில்.

மழைக்காலத்துக்கு முன்னால் கால்வாயைத் தூர்வாருவது சங்கத்தின் வழக்கமான வேலை. முந்தைய வருடங்களில் செயலாளர் கரையில் நின்று ஒலிபெருக்கியில் எல்லோரையும் உற்சாகப்படுத்துவார். இந்த வருடம் அவர் கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினார். ஒலிபெருக்கியே கொண்டுவரவில்லை. பக்கத்தில் வாரிக்கொண்டிருந்தவர்கள் அவரிடம் வேலைக்கு வேண்டியதை மட்டும் பேசினார்கள். செருப்புக்கடைக்காரர் நாலு ஆள் தள்ளி நின்று மண்வெட்டியால் சேற்றை அள்ளினார். ஒருமுறை இருவர் கண்களும் சந்தித்தன. முதலில் பார்வையை விலக்கியது செயலாளர்தான்.

வெயில் ஏறியதும் பெண்கள் தண்ணீர்க் குடத்தோடு வந்தார்கள். மனைவி வரிசையாக ஒவ்வொருவருக்கும் ஊற்றிக்கொண்டே வந்து, அவர் முறை வந்தபோது குவளையை நீட்டினாள். கை முழுக்கச் சேறு. எப்படி வாங்குவது என்று தயங்கினார்.

“உனக்கு எப்பதான் என்மேல கோபம் போகும்?” என்று மெல்லக் கேட்டார்.

“அவசரப்படாதீங்க” என்றாள் அவள். “கையைக் கழுவுங்க, நான் ஊத்துறேன்.”

அவர் குனிந்து இரண்டு கையையும் நீட்டினார்.