அடியில் ஒரு மஞ்சள் புள்ளி

என் மனைவி லாவண்யா இறந்து ஏழு மாதங்கள் ஆகியிருந்தன. அவள் ஆசையாக வாங்கிய டிராகன் வீராங்கனை சிலையை, பார்க்கத் தாங்காமல், விற்க முடிவு செய்தேன். மொத்தமே முந்நூறு சிலைகள்தான் செய்தார்களாம். வாங்க வந்த அஜாஸ் அதைக் கவிழ்த்து டார்ச் அடித்தார்.

“ப்ரோ, அடியில யாரோ மஞ்ச பெயிண்ட் வெச்சிருக்காங்க. இப்பிடி இருந்தா மதிப்பு பாதிதான். தின்னர்ல தொடச்சிரலாமா?”

பதறி வாங்கிப் பார்த்தேன். லாவண்யா ஒரு பம்ப் கம்பெனியில் தரப் பரிசோதகராக இருந்தாள். குறையே இல்லாத பாகத்துக்கு மட்டும் மஞ்சள் புள்ளி வைப்பாள்.

“தொடைக்காதீங்க, அது என் வொய்ஃப் வெச்சது. பாஸ்னு அர்த்தம். எங்க வூட்ல அவகிட்ட எதுவுமே பாஸ் ஆனதில்லீங்க. மிக்ஸி, கட்டிலு, நான், எல்லாமே ரிஜெக்ட்டு.”

அஜாஸ் சிரித்துவிட்டார். “பாஸான ஒண்ணையும் விக்கறீங்களே ப்ரோ!”

நானும் சிரித்தேன். பிறகு, விற்கவில்லை என்றேன். அவர் கோபிக்காமல் சிலையை என்னிடமிருந்து வாங்கி அலமாரியில் நிமிர்த்தி வைத்தார். அவர் கவிழ்த்துப் பார்த்திராவிட்டால் அந்தப் புள்ளி எனக்குத் தெரிந்தே இருக்காது. நன்றி சொல்லி, டீ குடித்துவிட்டுப் போகச் சொன்னேன்.