வருடத் திட்டமும் மாதத் திட்டமும்

1

மதியம் மூன்றேகால். சுங்குவார்சத்திரம் பஸ் நிறுத்தத்தில் ஒருத்தி தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை. கையில் பிராட்பேண்ட் விளம்பர நோட்டீஸ். படித்தாள், மடித்தாள், மறுபடி பிரித்துப் படித்தாள், சிரித்தாள்.

அதே நோட்டீஸை டீக்கடையில் எனக்கும் கொடுத்திருந்தார்கள். இரண்டு பக்கமும் தேடினேன். வேகம், கட்டணம், நிபந்தனைகள். சிரிக்க ஒன்றும் இல்லை. அவளிடம் கேட்டுவிடலாமா என்று யோசிப்பதற்குள் பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போய்விட்டது. மீதியை நான் எழுத வேண்டியதாயிற்று.

இசக்கிசெல்வி என்று பெயர் வைத்தேன். நாங்குநேரிப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

"இசக்கிசெல்வி பிறந்தபோது அவள் ஊரில் மின்சாரம்கூட—" பொய். அவளுக்கு இருபத்தாறு வயது. அவள் பிறந்தபோதே அங்கே கேபிள் டிவி ஓடிக்கொண்டிருந்தது.

"நெல் விளைந்த மண்ணுக்கடியில் இன்று கண்ணாடி இழை—" எனக்கே கொட்டாவி வந்தது.

"அவளுக்கு நெட் வேண்டும்." இது போதும்.

அவளும் சந்திரலேகாவும் நாலு வருடமாக ஒரே அறையில் இருக்கிறார்கள். ஒரே ஆலை, ஒரே லைன், ஒரே ஷிப்ட். சந்திரலேகா சங்கரன்கோவில்காரி, மூன்று வயது மூத்தவள். ஷிப்ட் விட்டதும் ஊரே ஒன்றாகப் போனைத் திறக்கும்; டவர் திணறும். சந்திரலேகாவின் சீரியலில் மாமியார் கையை ஓங்கியபடி நின்றுவிடுவாள். அடி விழுந்ததா இல்லையா என்பதை மறுநாள் லைனில் யாரையாவது கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

3

ஞாயிற்றுக்கிழமை சந்திரலேகா தரையில் நோட்டீஸ்களைப் பரப்பினாள். ஆலையில் அவள் வேலை, பாகங்களைப் பார்த்துப் பிரிப்பது. நல்லது ஓகே, கெட்டது என்.ஜி. இங்கேயும் இரண்டு சோற்றுத் தட்டுகளை அருகருகே வைத்துக்கொண்டாள்.

முதல் நோட்டீஸில் மூன்று மாதம் மலிவு. நாலாவது மாதத்திலிருந்து இரட்டிப்பு என்று அடியில் பொடி எழுத்தில் இருந்தது. என்.ஜி. தட்டில் விழுந்தது. இரண்டாவது, டிவி சேனல்களோடு சேர்த்து வாங்கினால்தான் அந்த விலை. அறையில் டிவியே இல்லை. அதுவும் என்.ஜி.

மிஞ்சியது மூன்றாவது. அதில் இரண்டு வழிகள். ஒரு வருடத்துக்கு முன்பணம் கட்டினால் மோடம் பெட்டி இலவசம், இரண்டு மாதம் இலவசம். இடையில் நிறுத்தினால் பணம் திரும்ப வராது. மாதாமாதம் கட்டினால் எல்லாவற்றுக்கும் கூடுதல் காசு. ஆனால் எப்போது வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம்.

"வருசத்துக்கே போட்டுருவோம்ட்டி. நாம எங்க போவப் போறோம்?" என்றாள் சந்திரலேகா.

இசக்கிசெல்வி தட்டுகளை எடுத்துப்போய் இன்னொரு முறை கழுவினாள்.

(சந்திரலேகாவைப் பற்றி எனக்குக் குழப்பம் இருந்தது. முதல் வரைவில் அவளைப் பொறாமைக்காரியாக எழுதியிருந்தேன். கதைக்கு ஓர் எதிரி வேண்டும் என்று நினைத்தேன். பிறகு அந்தத் தட்டுகளை எழுதினேன். அப்படித் தட்டு வைத்து நோட்டீஸ் பிரிப்பவள் பொறாமைக்காரியாக இருக்க மாட்டாள் என்று தோன்றியது. பழைய பக்கங்களை நீக்கினேன். இசக்கிசெல்வியின் பாடு இன்னும் சிரமமாகிவிட்டது.)

4

சந்திரலேகாவுக்குத் தெரியாத ஒன்றை உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். ஒளித்துவைத்து வித்தை காட்ட விருப்பமில்லை.

ஓசூரில் ஓர் ஆலை. டெக்னீஷியன் வேலை. லைனில் நிற்பவளுக்கு அது ஒரு படி அல்ல, ஒரு மாடி. நேர்காணலின் முதல் இரண்டு சுற்றுகளை இசக்கிசெல்வி போனிலேயே முடித்துவிட்டாள். கடைசிச் சுற்று, புதன்கிழமை. கம்ப்யூட்டரில் தேர்வு, முழு நேரமும் கேமராவில் முகம் தெரிய வேண்டும். நெட் அறுந்து முகம் மறைந்தால் தேர்வு செல்லாது. அவளுக்கு நெட் வேண்டியது அதற்குத்தான்.

பள்ளியில் அரசு கொடுத்த லேப்டாப்புக்கு இன்னும் உயிர் இருக்கிறது. சந்திரலேகா குளிக்கப் போகும் நேரம் பார்த்து அதன் முன்னால் உட்கார்ந்து முகத்தை அசையாமல் வைத்துக்கொள்ளப் பழகுவாள். முடியாது. சிரிப்பு வந்துவிடும். பஸ் நிறுத்தத்தில் நான் பார்த்தது அந்தச் சிரிப்புதான் என்று முடிவு செய்திருக்கிறேன்.

பாஸானால் சந்திரலேகா அக்காவிடம் சொல்லலாம் என்றிருந்தாள். ஆனால் பிராட்பேண்ட்காரர்கள் அதற்கு முன்பே வருடமா மாதமா என்று கேட்டுவிட்டார்கள். வருடம் என்றால், நான் தேற மாட்டேன் என்று தானே எழுதிக் கொடுத்த மாதிரி. மாதம் என்றால், ஏன் என்று சொல்லியாக வேண்டும்.*

* வாடகை ஒப்பந்தம் இசக்கிசெல்வி பெயரில். இணைப்பும் அவள் பெயரில்தான். அவள் காலி செய்தால் இணைப்பும் போகும், முன்பணத்தில் சந்திரலேகாவின் பாதியும் போகும். இதைக் கதைக்குள்ளேயே சொல்லியிருக்க வேண்டும். இடம் கிடைக்கவில்லை.

5

மூன்று முடிவுகளை யோசித்தேன்.

வருடத் திட்டம் போடுகிறாள், தேர்வில் ஜெயிக்கிறாள், அக்காவின் காசை வீணாக்கிவிட்டுப் போகிறாள். இதை எழுதினேன். எழுதி முடித்தபோது அவளை எனக்குப் பிடிக்கவில்லை.

முதல் நாளே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறாள், இருவரும் கட்டிக்கொண்டு அழுகிறா— வேண்டாம்.

தோற்றுவிடுகிறாள். இதை நினைத்ததோடு சரி. கை வரவில்லை.

ஆகவே செவ்வாய்க்கிழமைவரை மட்டும் எழுதுகிறேன். புதன்கிழமை உங்களுடையது.

6

செவ்வாய்க்கிழமை ஹேமந்த் ஏணியும் கேபிள் சுருளுமாக வந்தான். உள்ளூர்ப் பையன், இந்தத் தெருவுக்கு இணைப்பு கொடுப்பவன். சுவரில் ஓட்டை போட்டால் அட்வான்ஸில் பிடித்துக்கொள்வேன் என்று வீட்டுக்கார சந்திரம்மாள் வாசலிலேயே நின்று காவல் காத்தாள். "உன் சுவத்த நான் தொடவே மாட்டேன்மா, அது தானா வுழுந்தா என்னைக் கேக்காத" என்று சொல்லிவிட்டு ஜன்னல் வழியாக ஒயரை இழுத்தான்.

பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. திட்டத்தைப் பதிந்தால் பச்சையாகும் என்றான். பக்கத்து அறைப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். சந்திரலேகா சீரியலைத் தேடி எடுத்துக்கொண்டு தயாராக உட்கார்ந்தாள். இசக்கிசெல்விக்குப் பயமாக இல்லை. திருவிழாவில் ராட்டினம் உச்சிக்குப் போய் ஒரு கணம் நிற்குமே, அந்த மாதிரி இருந்தது.

"இன்னாக்கா, வருசம்தான?" என்று ஹேமந்த் போனை நீட்டினான்.

"வருசந்தான்" என்றாள் சந்திரலேகா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"மாசம்" என்றாள் இசக்கிசெல்வி.

சொன்ன குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. கூடவே சிரிப்பும் வந்துவிட்டது.

மாசம் என்றால் ஜாஸ்தி ஆகும், நன்றாக யோசித்துச் சொல்லுங்கள் என்றான் ஹேமந்த். அவள் தலையை ஆட்டினாள். அவன் பதிந்தான். விளக்கு பச்சையானது.

சந்திரலேகா பச்சை விளக்கைப் பார்க்கவில்லை. இசக்கிசெல்வியின் முகத்தைப் பார்த்தாள். ஒரு பாகத்தைக் கையில் எடுத்தால் எவ்வளவு நேரம் பார்ப்பாளோ, அவ்வளவு நேரம். இங்கே அவள் கோபப்படுவாள் என்று எழுதி வைத்திருந்தேன். அவள் கோபப்படவில்லை. போனைத் தரையில் வைத்துவிட்டு, நகர்ந்து வந்து, இசக்கிசெல்வியின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"எந்த ஊருட்டி? என்னையும் எடுப்பாவளா?"