மாமியார் மூக்கில் ஏறிய ஆயில் வாடை

நெட்டையனின் லாரியில் மாமியார் ஏறியது அதுதான் முதல் தடவை. ஏறினார் என்பதைவிட ஏற்றப்பட்டார் என்பதுதான் பொருத்தம். மகள் கீழிருந்து தள்ள, மாப்பிள்ளை மேலிருந்து கையைப் பிடித்து இழுக்க, முட்டிவலியைத் திட்டிக்கொண்டே ஒருவழியாக இருக்கையில் வந்து விழுந்தார். ஒரு வருடமாக மகள் வீட்டில் இருந்தவர், திடீரென்று மகன் வீட்டுக்கே போய்விடுவதாக முடிவெடுத்திருந்தார். நெட்டையன் காகிதக் கட்டு ஏற்றிக்கொண்டு போகும் வழியில்தான் மகனின் வீடும் இருந்தது.

ஏன் போகிறார் என்று அவர் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. இருவருக்கும் சண்டை என்று ஒன்றும் கிடையாது. பேச்சே இல்லாத இடத்தில் சண்டை எங்கிருந்து வரும்?

அவனுக்கு வேறு கவலை மண்டையைக் குடைந்துகொண்டிருந்தது. இரண்டு மாதமாக வண்டி ஆயில் குடித்தது. இன்றைக்கு ஊற்றினால் அளவுக் குச்சியில் மேல்கோட்டில் நிற்கும். மூன்றாம் நாள் பார்த்தால் கீழ்க்கோட்டுக்கும் கீழே போயிருக்கும். தரையில் ஒரு சொட்டு கிடையாது. புகையும் பெரிதாக வரவில்லை. பெரிய ஒர்க்‌ஷாப் ஒன்றில் காட்டினான். எஞ்சின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தார்கள். உள்ளிருந்து புஸ்ஸென்று காற்று அடித்தது. “பிஸ்டன் ரிங் தேஞ்சு போச்சு. எஞ்சினைப் பிரிச்சே ஆகணும். ஒரு மாசம் வண்டி படுத்துடும்” என்று கையை விரித்துவிட்டார்கள். வண்டி ஒரு மாதம் படுத்தால் குடும்பமும் கூடவே படுத்துவிடும். அதனால் ஆயிலை ஊற்றி ஊற்றி ஓட்டிக்கொண்டிருந்தான்.

முதல் மேட்டில் வண்டி முனகிக்கொண்டு ஏறும்போது மாமியார் மூக்கைச் சுளித்தார்.

“ஏதோ கருகுதே மாப்பிள்ளை.”

“முன்னாடி போற வண்டியா இருக்கும், அத்தை.”

“முன்னாடி வண்டியே இல்லையே!”

நெட்டையனுக்கு எந்த வாடையும் தெரியவில்லை. அன்றைக்கு என்றில்லை, ஒன்றரை வருடமாகவே தெரியாது. அப்போது வந்த ஒரு காய்ச்சல் போகும்போது அவன் மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. மனைவியிடம்கூட அவன் மூச்சு விடவில்லை. டீசல் ஒழுகினாலும் டயர் எரிந்தாலும் தெரியாத டிரைவரை நம்பி யார் சரக்கு ஏற்றுவார்கள்? இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று காத்திருந்தே நாள் ஓடிவிட்டது.

சமதளத்தில் மாமியார் சும்மா வந்தார். அடுத்த மேட்டில் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

“இது அடுப்புல எண்ணெய்ச் சட்டியை வச்சுட்டு மறந்த வாடை. எனக்குத் தெரியாதா? வண்டியை நிறுத்துங்க. நிறுத்தினாத்தான் ஆச்சு.”

ஒரு வருடத்தில் அவர் அவனிடம் இவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. மேட்டின் உச்சியில் தகரக் கொட்டகை போட்ட ஒரு சின்ன மெக்கானிக் கடை இருந்தது. அதன் முன்னால் ஓரம் கட்டினான்.

கடைக்காரருக்கு ‘நிதானம்’ என்று பட்டப்பெயர். காரணத்தைக் கேட்கவே வேண்டாம். கையைத் துடைக்க ஒரு நிமிடம், எழுந்து வர இன்னொரு நிமிடம். வந்தவர், ஆயில் குறைகிறது, கருகல் வாடை வேறு என்று நெட்டையன் சொன்னதைக் கேட்டும் வண்டியைத் தொடவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கேள்வி கேட்க ஆரம்பித்தார்.

“வாடை எப்பெப்ப வருதுண்ணே? மேடு ஏறும்போதா, நிக்கும்போதா?”

நெட்டையன் தலையைச் சொறிந்தான். பதில் மேலேயிருந்து வந்தது.

“மேடு ஏறும்போது வருது. சமமா ஓடுனா இல்ல. இப்ப நின்ன பிறகு இன்னும் தூக்கலா வருது. என் காலடியிலேர்ந்துதான் வருது, அவர் பக்கம் இல்ல.”

நிதானம் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். “அம்மா, பாதி வேலையை நீங்களே முடிச்சிட்டீங்க. ஆனா தினமும் ஓட்டுறவருக்கு இது தெரியலையா?”

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? நெட்டையன் குரலைத் தாழ்த்தி, “எனக்கு மூக்கு வேலை செய்யலைங்க. ஒன்றரை வருஷமாச்சு” என்றான்.

மாமியாரை இறக்கி ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டு, கேபினை முன்பக்கமாகச் சாய்த்தார்கள். நிதானம் ரேடியேட்டர் தண்ணீரைப் பார்த்தார்; ஆயில் கலக்கவில்லை. எஞ்சினை ஓடவிட்டு ஆயில் மூடியைத் தளர்த்தி வைத்தார். அது துள்ளியது.

“இதைப் பார்த்துத்தான் ரிங் போச்சுன்னாங்க” என்றான் நெட்டையன்.

“காத்து வெளிய போற வழி திறந்திருக்கான்னு பார்த்தாங்களா?”

பார்க்கவில்லை. எஞ்சினுக்குள் சேரும் காற்று வெளியேற ஒரு குழாய் உண்டு, பிரீதர் என்பார்கள். நிதானம் அதைக் கழற்றினார். உள்ளே கருப்பு மெழுகாகக் கசடு அடைத்துக்கொண்டிருந்தது. குழாயை எடுத்துவிட்டு மறுபடி எஞ்சினை ஓட்டினார்கள். மூடி அடங்கிவிட்டது, லேசாக ஆடியதோடு சரி.

“ரிங்கெல்லாம் நல்லாத்தான் இருக்கு. மூக்கை அடைச்சா வாய் வழியா மூச்சு விடுற மாதிரி, இது வேற வழி தேடியிருக்கு. எந்த வழின்னு பார்ப்போம்.”

எஞ்சினின் மேற்பகுதியைத் துடைத்துக் காயவைத்தார். முகத்துக்குப் போடும் பவுடர் டப்பாவை எடுத்து வந்து, அதை மூடியிருந்த டேப்பட் கவரைச் சுற்றி ஒப்பனை செய்வதுபோல் தூவினார். அடைத்திருந்த குழாயையே மறுபடி மாட்டி எஞ்சினைக் கால் மணி நேரம் ஓடவிட்டார். மாமியார் உட்கார்ந்திருந்த பக்கம், பின்மூலையில், வெள்ளைப் பவுடரில் ஒரு கருப்புக் கோடு கீழே இறங்கியது. கோடு முடிந்த இடத்தில் கொதிக்கும் புகைக்குழாய் இருந்தது. விழுந்த சொட்டெல்லாம் அங்கேயே கருகியதால்தான் தரைக்கு எதுவும் வரவில்லை. ஓடும்போது காற்று வாடையை அடித்துக்கொண்டு போனது.

கேபினுக்கு அடியில் ஒட்டியிருந்த கனத்த விரிப்பை நிதானம் விரலால் அழுத்தினார். பஞ்சுபோல் ஆயில் வடிந்தது. ஒரு மூலை ஏற்கெனவே தீய்ந்து கருத்திருந்தது.

“இன்னும் பெரிய மேடு ஒண்ணு முன்னாடி இருக்கு. பின்னாடி காகித லோடு வேற. ஏறியிருந்தா தீ பிடிச்சிருக்கும்” என்றார்.

நெட்டையன் மாமியார் உட்கார்ந்து வந்த இருக்கையை நிமிர்ந்து பார்த்தான். அந்த இருக்கைக்குக் கீழேதான் தினமும் அந்த விரிப்பு தீய்ந்துகொண்டிருந்திருக்கிறது. போன மாதம் ஒரு தடவை மனைவியும் அங்கே உட்கார்ந்து வந்திருக்கிறாள், ஜலதோஷத்தோடு, கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு; அதனால்தான் அவளுக்கும் வாடை எட்டவில்லை.

நிதானம் கவருக்கு அடியில் கசிவை அடைக்கும் கேஸ்கட் தேடப் போனதும் மாமியார் கேட்டார்:

“மூக்கு போனா நாக்குக்கு ருசி தெரியுமா மாப்பிள்ளை?”

“உப்பும் இனிப்பும் தெரியும். மத்தபடி எல்லாம் ஒண்ணுதான்.”

“அப்போ ஒரு வருஷமா நான் ஆக்கிப் போட்டதெல்லாம்?”

“சத்தியமா ஒண்ணும் தெரியலை, அத்தை.”

மாமியார் வெடித்தார். “சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா? தட்டைப் பார்த்து ஒரு வார்த்தை நல்லாருக்குன்னும் சொல்ல மாட்டீங்க, நல்லால்லைன்னும் சொல்ல மாட்டீங்க. என்னைச் சுமையா நினைக்கிறீங்கன்னுதானே நான் கிளம்பினேன்!”

ஆறடிக்கு மேல் வளர்ந்தவன் ஸ்டூலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

“நல்லாருக்குன்னு சொன்னா பொய்யாயிடுமேன்னு பேசாம இருந்துட்டேன் அத்தை. தப்புதான். இன்னைக்கு நீங்க இல்லைன்னா நானும் இல்லை, வண்டியும் இல்லை. நல்ல வேளை, சும்மா வராம வாயைத் திறந்தீங்க.”

“நான் எப்பவும் வாயைத் திறக்கிறவதான். உங்களுக்காகத்தான் ஒரு வருஷமா மூடி வச்சிருந்தேன்” என்றார் அவர். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்ததில் இருமல் பிடித்துக்கொண்டது. அவன் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தான்.

புது கேஸ்கட், புது பிரீதர் குழாய், விரிப்பைக் கிழித்தெடுத்துக் கழுவியது எல்லாம் முடிய மாலை நான்கு மணி ஆனது. நெட்டையன் நிதானத்தின் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. “நன்றியை அம்மாவுக்குச் சொல்லுங்கண்ணே. நான் பவுடர் போட்டேன், அவ்வளவுதான்” என்று அவர் கையை உருவிக்கொண்டார். “முதல்ல ஒரு டாக்டரைப் பாருங்க. அதுவரைக்கும் தினமும் கேபினைச் சாய்ச்சுக் கண்ணால பாருங்க.”

மீதி வழி முழுக்க மாமியார் பேசிக்கொண்டே வந்தார். கணவரோடு முதன்முதலில் ரயில் ஏறியது, மகள் சின்ன வயதில் செய்த அழிச்சாட்டியம், எல்லாம் வந்தது. பெரிய மேட்டை ஏறி இறங்கியது நெட்டையனுக்குத் தெரியவே இல்லை.

மகன் வீட்டு வாசலில் அவரை இறக்கிவிட்டு, மனைவிக்குப் போன் செய்து ஒன்றுவிடாமல் சொன்னான். மறுமுனையில் நல்ல திட்டு விழுந்தது. திட்டி முடித்தவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “அம்மா என்ன சொன்னாங்க?” என்றாள்.

“பேரப்பிள்ளைங்களோட பத்து நாள் இருக்கட்டும். அப்புறம் நானே கூட்டிட்டு வர்றேன். அவங்களும் வர்றேன்னு சொல்லிட்டாங்க.”

மூன்றாம் நாள் காலையில் சரக்கு இறக்கிய இடத்தில் குச்சியை உருவிப் பார்த்தான். ஆயில் மேல்கோட்டில் அப்படியே நின்றது. குச்சியைத் துடைத்துவிட்டு, முதல் வேலையாக மாமியாருக்குப் போன் போட்டான்.