சுற்றிலும் தண்ணீர்

அம்மா மூன்றாவது பச்சை ஆப்பிளையும் கைப்பைக்குள் போட்டதை, வரிசையில் பின்னால் நின்றிருந்த பெரியவர் பார்த்துவிட்டார். நான் பார்க்காத மாதிரி ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். தெருவில் என்றால் பரவாயில்லை, அந்த மனிதரை மறுபடி பார்க்கவா போகிறோம் என்று விட்டுவிடலாம். கப்பலில் அப்படி முடியாது. கரை சேரும்வரை லிஃப்டில், மாடிப்படியில், நீச்சல் குளத்தருகில் என்று திரும்பின பக்கமெல்லாம் அதே முகங்களில்தான் போய் முட்டிக்கொள்ள வேண்டும்.

"எவ்வளவு வேணாலும் சாப்பிடும்மா, யாரும் கேக்க மாட்டாங்க. ஆனா உக்காந்து சாப்பிடு. பையில போட்டுட்டுப் போறது நல்லாவா இருக்கு?" என்றான் அண்ணன்.

"நீதானேடா சொன்னே, பச்சை ஆப்பிள் சாப்பிட்டா குமட்டாதுன்னு."

"உனக்கு எங்க குமட்டுது? நேத்து நீ சாப்பிட்ட ஐஸ்கிரீமுக்குக் கணக்கே இல்ல."

"வந்தா?" என்றபடி அம்மா பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

அண்ணன் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறான். அடுத்தவர் ஓட்டும் காரில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, ஒரு காலைப் பிரேக்கில் வைத்துக்கொண்டு நாள் முழுக்க அறிவுரை சொல்வது அவன் தொழில். வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கால் பிரேக்கிலேயேதான் இருக்கும். கப்பல் பயணம் என்று முடிவானதும், அதுவரை கடலில் முழங்காலுக்கு மேல் நனைந்திராதவன், குடும்பக் குழுவில் தினமும் குரல் பதிவு போட ஆரம்பித்துவிட்டான். பெட்டிகள் நம் அறைக்கு வந்துசேர நேரமாகும், மாற்றுத் துணி ஒன்று கையில் இருக்கட்டும். குமட்டல் மாத்திரையைக் குமட்டுவதற்கு முன்னால் போட வேண்டும், குமட்டிய பிறகு போட்டுப் பயனில்லை. அறை எடுப்பதென்றால் கப்பலின் நடுவில், கீழ் மாடியில் எடு, முனைகளில் ஆட்டம் அதிகம். தலை சுற்றினால் உள்ளே போய்ப் படுக்காதே, வெளியே வந்து தொடுவானத்தைப் பார். தாழ்வாரங்கள் எல்லாம் ஒன்றுபோல இருக்கும், தரைவிரிப்பில் போட்டிருக்கும் மீன்கள் எந்தப் பக்கம் நீந்துகின்றனவோ அதுதான் முன்பக்கம். நானும் அண்ணியும் இவற்றைக் கேட்காமலே கட்டைவிரல் போட்டு அனுப்புவோம். அம்மா மட்டும் ஒவ்வொன்றையும் இரண்டு முறை கேட்டு, சந்தேகம் வேறு கேட்டாள். அண்ணனுக்கு அதில் ஏகப் பெருமை.

ஒன்று சொல்ல வேண்டும், அவன் சொன்னதெல்லாம் உண்மையாகவே இருந்தது. அவன் சொல்ல மறந்தது குளியலறையைப் பற்றித்தான். சோப்பு கீழே விழுந்தால், வெளியே வந்து நின்றுதான் குனிந்து எடுக்க முடியும்.

கப்பலைத் தேர்ந்தெடுத்தது அம்மா. அறுபதாவது பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டோம். பட்டுப்புடவை, வளையல், மலைமேல் விடுதி என்று நாங்கள் ஏதேதோ எதிர்பார்த்தோம். அவள் தைத்துக்கொண்டிருந்த பள்ளிக்கூடச் சீருடையிலிருந்து தலையைத் தூக்காமல், "கப்பல்ல போகணும். நாம எல்லாரும். நாலு நாள்" என்றாள். ஆற்றுப் பாலத்தைக்கூடக் கண்ணை மூடிக்கொண்டு கடப்பவள் அவள். என் கணவருக்கு விடுப்பு கிடைக்காததால் நானும் அம்மாவும் ஓர் அறை, அண்ணன், அண்ணி, குழந்தைகள் இரண்டும் ஓர் அறை என்று ஏற்பாடு.

அவளுக்கு எங்களிடம் சொல்ல ஏதோ இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். நான் பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் உட்காருகிறவள். வாசலில் வந்து நிற்கும் முகத்தைப் பார்த்தே, இவர் உள்ளே போவாரா, தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று நழுவுவாரா என்று சொல்லிவிடுவேன். ஆறேழு மாதமாகவே அம்மாவின் வாய்க்குள் சொல்லாத பேச்சு ஒன்று பல்வலிபோல இருந்தது. "உங்க ரெண்டு பேர்கிட்டயும் ஒரு விஷயம் பேசணும்" என்று இரண்டு தடவை ஆரம்பித்தாள். முதல் தடவை, அவள் குரல் இறங்கிய விதத்திலேயே அண்ணன் பயந்துபோய் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். இரண்டாவது தடவை அவன் கிளம்பவில்லை, நான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டேன். அவளுக்கு ஏதோ பெரிய நோய் என்று எனக்குள் ஒரு எண்ணம். அதைக் காதால் கேட்காதவரை அது இல்லை என்று வைத்துக்கொள்ளலாம் அல்லவா.

எங்கள் வீட்டில் சண்டையே நடந்ததில்லை. அதுதான் எங்கள் கோளாறு. பேச்சு கொஞ்சம் சூடானால் அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். சோறு ஆறுவதற்குள் திரும்பி வருவார், குழம்பு நன்றாயிருக்கிறது என்பார், விஷயம் அதோடு புதைந்துபோகும். நல்ல மனிதர், அடிக்காத கை, அதட்டாத வாய். ஆனால் முப்பத்தைந்து வருடத்தில் அம்மா ஆரம்பித்த எந்தப் பேச்சையும் அவர் முடியவிட்டதில்லை. அவர் இறந்து நாலு வருடம் ஆகிறது. அண்ணன் அவர் சொத்தாக எடுத்துக்கொண்டது அந்தச் செருப்பு மாட்டும் பழக்கத்தைத்தான்.

அன்று எந்தத் துறைமுகமும் கிடையாது, முழுநாளும் கடல். காலை உணவு முடிந்ததும் அண்ணி குழந்தைகளை நீச்சல் குளத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். அம்மா எங்கள் இருவரையும் மேல்தளத்தின் பின்முனைக்குக் கூட்டிப் போனாள். கப்பலைச் சுற்றி நடப்பதற்கென்று நீல வண்ணத்தில் பாதை போட்டிருந்தார்கள், அதன் ஓரத்தில் சாய்வு நாற்காலிகள். உட்கார்ந்தோம். பின்னால் வெண்மையாக நுரை பிரிந்து போய்க்கொண்டிருந்தது.

"நம்ம கண்ணாடிக் கடைக்காரரைத் தெரியுமில்ல?" என்றாள் அம்மா.

தெரியாமல் என்ன. இரண்டு தெரு தள்ளி மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். பத்து வயதில் அண்ணனுக்குக் கரும்பலகை தெரியவில்லை என்றதும் முதல் கண்ணாடி மாட்டிவிட்டவர். மனைவி போய்ச் சேர்ந்து ரொம்ப வருடமாகிறது, பிள்ளைகள் இல்லை. இப்போது அண்ணன் மூக்கில் உட்கார்ந்திருந்ததும் அவர் கடைக் கண்ணாடிதான்.

"அவரும் நானும் கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கோம்."

நோய் இல்லை. முதலில் எனக்குத் தோன்றியது அதுதான், அப்பாடா என்று வாய்விட்டே சொல்லியிருப்பேன். அதற்குள் அண்ணனின் கால் நாற்காலிக்கு அடியில் செருப்பைத் துழாவ ஆரம்பித்துவிட்டது.

"எங்கடா போவே? சுத்தித் தண்ணி" என்றாள் அம்மா. அவள் கோபமாகச் சொல்லவில்லை. "அதுக்காகத்தானே கப்பலைப் பிடிச்சேன். வீட்டுல வாயத் திறந்தா நீ சாவியைத் தேடுவே, இவ குழாயைத் திறப்பா. ஒரு தடவையாவது முழுசாக் கேளுங்க."

"அப்பா போய் நாலு வருஷம்தான் ஆகுது" என்றான் அண்ணன். "இந்த வயசுல உனக்கு என்னம்மா?"

"இந்த வயசுலதான்டா நேரம் கிடைச்சிருக்கு. ஊசியில நூல் கோர்க்க முடியலன்னு அவர் கடைக்குப் போனேன். நான் ஒரு வாக்கியம் சொன்னா, அதை முடிக்கிறவரைக்கும் அவர் உக்காந்து கேக்கறாரு. எனக்கு அது புதுசா இருந்துச்சு."

அவள் இதைச் சொன்னபோது அண்ணன் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்பாவை நினைத்து எனக்குக் கொஞ்சம் வலித்தது, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அதைவிட, பெற்ற பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை சொல்வதற்கு அவளுக்கு ஒரு கப்பலே வேண்டியிருந்தது என்பது என்னைச் சுட்டது.

"அவரும் வந்து உங்ககிட்ட நேர்ல பேசறதாத்தான் ஏற்பாடு" என்று அம்மா தொடர்ந்தாள். "நேத்தே பேசியிருக்கணும். கப்பல் நகர்ந்ததுலேருந்து ஆள் படுத்த படுக்கை."

"என்னது? இந்தக் கப்பல்லயா?" என்றேன் நான்.

அம்மா கைப்பையை லேசாகத் தட்டினாள். "பின்ன இந்த ஆப்பிளெல்லாம் யாருக்காம்?"

அண்ணன் எழுந்தான். செருப்பை மாட்டினான். நீலப்பாதையில் விறுவிறுவென்று நடந்து, புகைபோக்கியைத் தாண்டி மறைந்துவிட்டான். அம்மா அவன் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எனக்கு ஒரு ஒத்தாசை பண்ணுவியா? அவரைத் தனியா மேல கொண்டுவர என்னால முடியல" என்றாள். அந்த நேரத்தில் ஒரு குழாய் இருந்திருந்தால் திறந்துவிட்டிருப்பேன். இல்லாததால் எழுந்து அவளோடு நடந்தேன்.

கீழே, மீன்கள் முன்பக்கம் நீந்தும் தாழ்வாரத்தின் கடைக்கோடி வரை போக வேண்டியிருந்தது. ஜன்னல் இல்லாத சின்ன அறை. கண்ணாடிக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார முயன்றார். கடையில் எப்போதும் படிய வாரிய தலையோடு பார்த்தவரை, இப்படி முகம் வெளிறிப்போய்ப் பனியனோடு பார்க்க எனக்கே சங்கடமாக இருந்தது. மேசைமேல் ஆப்பிள்கள் வரிசையாக இருந்தன, ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு கடி. அலமாரிக் கொக்கியில் புதுச்சட்டை ஒன்று தொங்கியது, மடிப்பு இன்னும் கலையவில்லை.

"இப்படிப் பாப்போம்னு நினைக்கலம்மா. உங்க ரெண்டு பேர் முன்னாடியும் போட்டுக்கத்தான் அந்தச் சட்டை வாங்கினேன்" என்றார்.

"மாத்திரை போட்டீங்களா?" என்றேன் நான்.

"போட்டேன். ஆனா வாந்தி வந்ததுக்கு அப்புறம்."

"முன்னாடியே போடணும்னு அவன் படிச்சுப் படிச்சுச் சொன்னான், நானும் இவருக்கு அனுப்பினேன்" என்றாள் அம்மா. "கேட்டாத்தானே. கப்பல்தானே, பஸ்ஸை விடவா ஆடும்னாரு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணனின் குரல் பதிவுகளை அம்மா ஏன் இரண்டு முறை கேட்டாள் என்று அப்போதுதான் உறைத்தது. அவர் புதுச்சட்டையைப் போட்டுக்கொண்டுதான் வருவேன் என்று அடம்பிடித்தார். அவசரத்தில் ஒரு பொத்தான் மாறிப்போனது. அம்மா அதை அவிழ்த்துச் சரியாகப் போட்டுவிட்டாள், தைத்து முடித்த சட்டையைச் சரிபார்க்கிற அதே விரல்களால், அவ்வளவு இயல்பாக. நான் தாழ்வாரத்து மீன்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பார்க்கக்கூடாததைப் பார்த்ததுபோல ஒரு கூச்சம், கூடவே ஒரு நிம்மதி, இரண்டும் இருந்தன.

மேலே அதே பின்முனை நாற்காலிகளுக்கே வந்து சேர்ந்தோம். அதற்குமேல் ஓர் அடி எடுத்துவைக்க அவரால் முடியவில்லை. அம்மாவுக்கும் தனக்கும் நடுவில் ஒரு நாற்காலியை விட்டு உட்கார்ந்தார். அந்த நிலையிலும் அந்த மரியாதை.

அப்போதுதான் கப்பலின் வலப்பக்கத்திலிருந்து அண்ணன் வந்தான்.

கோபித்துக்கொண்டு போகிறவனுக்குத் தெரு என்றால் எங்காவது போய்ச் சேரலாம். இந்தப் பாதை கப்பலைச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே கொண்டுவந்து விட்டுவிடுகிறது. அவன் எங்களைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டு வேகத்தைக் கூட்டினான். கண்ணாடிக்காரர் எழுந்திருக்கப் போனார், முடியாமல் வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு சரிந்தார். அவர் காலடியில் அலை ஏறி இறங்குவதுபோலத் தளம் மெதுவாக எழும்பித் தாழ்ந்துகொண்டிருந்தது.

"போயிடட்டுமா?" என்று அம்மாவிடம் கேட்டார்.

"இருங்க. வருவான்."

அடுத்த சுற்றில் வந்தான். இந்தத் தடவை நடை கொஞ்சம் தளர்ந்திருந்தது, கண்ணாடியில் உப்புத் தூறல் படிந்திருந்தது. அவன் நிற்கவில்லை, அம்மாவையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்து, என்னை மட்டும் பார்த்து, "உனக்கு அறிவிருக்கா? பின்முனையில ஆட்டம் ஜாஸ்தின்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன். நடுவுல கொண்டுபோய் உக்கார வைக்க வேண்டியதுதானே" என்றான்.

"எழுந்தா சுத்துதாம் அண்ணா."

அதைக் கேட்டானோ இல்லையோ, புகைபோக்கியைத் தாண்டிப் போய்விட்டான். அம்மா கைப்பையைத் திறந்து ஓர் ஆப்பிளை எடுத்தாள், கொடுக்காமல் அப்படியே மடியில் வைத்துக்கொண்டாள். இந்த ஒரு விஷயத்தில் அவன் பாதியில் போய்விட்டால், அதற்குப் பிறகு அவள் வாயைத் திறக்கவே மாட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. நான் போய் அவனை இழுத்து வரலாமா என்றும் நினைத்தேன். ஆனால் உட்கார்ந்தே இருந்தேன்.

மூன்றாவது சுற்றுக்கு வெகு நேரம் ஆயிற்று. வந்தவன் எங்கள் நாற்காலிகளை நெருங்கும்போதே நடை மெலிந்து, அவர் எதிரில் நின்றுவிட்டது. அவர் தலையைக் கவிழ்த்து, தன் இரண்டு பாதங்களையும் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் கொஞ்ச நேரம் அந்தத் தலையைப் பார்த்தான். புதுச்சட்டையின் மடிப்பைப் பார்த்தான். பிறகு, வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ள முதல் நாள் வந்து பயந்து நடுங்குகிறவர்களிடம் பேசுவானே, அந்தக் குரலில் சொன்னான்.

"கீழ பாக்காதீங்க. கீழ பாத்தாதான் சுத்தும். தலையை நிமிருங்க. தூரத்துல, வானமும் தண்ணியும் சேர்ற எடம் இருக்கில்ல, அதை மட்டும் பாருங்க. கண்ணை எடுக்காதீங்க."

அவர் நிமிர்ந்தார்.

அண்ணன் மறுபடி நடந்தான். போகிறபோது சட்டை நுனியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு போனான். கண்ணாடிக்காரர் முதுகை நேராக்கி, இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, சொன்ன இடத்தையே இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார், அடுத்த சுற்றில் அவன் வந்து பார்க்கும்போது கண் விலகியிருந்தால் தப்பாகிவிடும் என்பதுபோல. நானும் அங்கேதான் பார்த்தேன், கோடு கிழித்த மாதிரி இருந்தது. அம்மா மட்டும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. மடியில் ஆப்பிளோடு, நீலப்பாதை திரும்பி வரும் மூலையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.