பொன்னாயி பங்குக்கு வந்த சத்தம்

வளப்பூர் நாட்டு அர்த்தனாரி துப்பாக்கியால் சுட்டால், சத்தம் ஆலத்தூர் நாட்டில் அவர் தங்கை பொன்னாயி வீட்டில் கேட்டது. குண்டு மட்டும் இங்கேயே போனது. அந்த மலையில் நாலைந்து ஊர் சேர்ந்தால் ஒரு நாடு; ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு பஸ்ஸில்தான் போக வேண்டும். மிளகுக் கொடியெல்லாம் வாடல் நோயில் பட்டுப்போன வருடம் அது. அவருக்கு மிஞ்சியது சரிவில் இருந்த மரவள்ளிக் காடு ஒன்றுதான். அதையும் காட்டுப்பன்றிகள் விடியும் நேரத்தில் குடும்பத்தோடு வந்து தோண்டித் தின்றன. கிழங்கும் போனால் வருடம் முழுக்கக் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான். பன்றி மேல் குண்டு படக்கூடாது, சத்தம் காட்டி விரட்டிக்கொள்ளுங்கள் என்று வனத்துறை ஆள் கறாராகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஆக, துப்பாக்கியிடம் அர்த்தனாரி எதிர்பார்த்தது சத்தம் ஒன்றைத்தான்.

அப்பா கந்தப்பன் விட்டுப்போன பழைய ரைஃபிள் அது. சுண்டுவிரல் நுனி அளவுதான் தோட்டா. அப்பா போனபிறகு அது வெடித்ததே இல்லை. தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைப்பார், முடிந்ததும் வாங்கி வருவார். ஆயுத பூஜைக்குப் பொட்டு வைத்து, வந்தவர்கள் முன்னால் வெறும் துப்பாக்கியின் விசையை டிக் டிக்கென்று இழுத்துக் காட்டுவார். இப்போது நிஜமாகவே தோட்டா போட்டு இழுத்தபோதும் அதே டிக்தான். லைசென்ஸையும் துப்பாக்கியையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறி, சேலத்தில் துப்பாக்கி பழுது பார்க்கும் முருகானந்தத்திடம் போனார். முருகானந்தம் வெடிக்காத தோட்டாவின் அடியைத்தான் முதலில் பார்த்தார். இந்த ரகத்துக்கு வெடிமருந்து நடுவில் இருக்காது, அடி விளிம்பைச் சுற்றி இருக்கும். விசையை இழுத்ததும் உள்ளே பாய்கிற ஊசி அந்த விளிம்பை நசுக்கினால்தான் தீப்பிடிக்கும். இந்தத் தோட்டாவின் விளிம்பில் நகம் பட்ட மாதிரி ஒரு கீறல், அவ்வளவுதான். ஊசி இருக்கும் துப்பாக்கிப் பூட்டைக் கழற்றிப் பார்த்தால் ஊசி முனை மழுங்கிக் கிடந்தது. உள்ளே தோட்டா இல்லாமல் இழுத்ததில் ஊசி குழல் வாயையே குத்திக் குத்தி, அங்கேயும் இரும்பு மேடு தட்டியிருந்தது.

"வெறும் துப்பாக்கிய இழுத்து இழுத்து வெளையாடுனீங்களாக்கும்?"

"பூஜைக்கு மட்டுந்தானுங்க."

"பொட்டு வெச்சாப் பத்தாதுங்களா? நல்ல பூஜை போங்க!"

பிசினாக இறுகிப்போன பழைய எண்ணெயைச் சுரண்டி எடுத்தார். மேட்டை அராவி மட்டப்படுத்தினார். புது ஊசி கடைந்து போட்டு, ஸ்பிரிங்கையும் மாற்றினார். கடைக்குப் பின்னால் மணல் பெட்டியில் சுட்டுப் பார்த்தபோது மணல் துள்ளியது, புகை வந்தது. சத்தம் வரவில்லை. முருகானந்தம் காதைக் குடைந்துகொண்டு, பக்கத்து டீக்கடைக்காரரைக் கூப்பிட்டுக் கைதட்டச் சொன்னார். கைதட்டல் கேட்டது. வேறு தோட்டா போட்டார், குழலைத் துடைத்துப் பார்த்தார். மணல்தான் துள்ளியது. "இரும்புல இருந்த கோளாறு தீந்துபோச்சுங்க. சத்தத்துக்கு நான் ஆளில்லை" என்று கூலியைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார்.

காட்டிலும் அதே கதைதான். அர்த்தனாரி மேட்டு மண்ணைப் பார்த்துச் சுட்டார். பன்றிகள் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் குனிந்துகொண்டன. மனைவி பூங்குழலி தட்டைத் தட்டியதற்காவது கொஞ்சம் நகர்ந்தன. அந்த வாரம் சோளக்காடு சந்தையில் பொன்னாயியின் புருஷன் தனபால் பலாப்பழம் விற்றுக்கொண்டிருந்தார். அண்ணனும் தங்கையும் பேசி வருடக்கணக்காகிவிட்டது, ஆனால் தனபாலுக்கு அந்தச் சண்டையிலெல்லாம் அக்கறை கிடையாது. "ஏனுங்க மச்சான், துப்பாக்கிய ரிப்பேர் பண்ணீட்டீங்களாட்டம் இருக்குது? எங்க ஊட்ல அடுப்புக்குப் பக்கத்துல வெடிக்குதுங்க. மொத நாளு ஆடிப்போயிட்டோம். இப்ப ஒரு பன்னிகூட எங்க காட்டுப் பக்கம் வாரதில்லீங்க" என்றார், ஏதோ மழை நிலவரம் சொல்வதுபோல. அர்த்தனாரி திரும்பி பஸ் ஏறினார். "லைசென்ஸு எம்பேர்ல, தோட்டா என்னுது, கெழங்கு போறது என்னோட காட்டுல. சத்தம் மட்டும் அவளுக்கா!" என்று பஸ்ஸில் முணுமுணுத்துக்கொண்டே வந்தவர், பாதி வழியில் வாயை மூடிக்கொண்டார். பாகம் பிரித்த நாள் ஞாபகம் வந்துவிட்டது.

பொம்பளைப் பிள்ளைக்குக் காட்டில் பங்கில்லை என்பது அங்கே வழக்கம். பொன்னாயியும் காடு கேட்கவில்லை. மரவள்ளிச் சரிவுக்கு மேலே அவள் நட்டு வளர்த்த பலாமரத்தையும் அதைச் சுற்றியுள்ள கொஞ்சம் நிலத்தையும்தான் கேட்டாள். ஒரு அடிகூடத் தர முடியாது என்றார் அர்த்தனாரி. சபையில் எல்லாரும் முகத்தைத் தூக்கி வைத்திருக்க, ஊர்க்கவுண்டர் சின்னுசாமி நிலைமையைச் சரிக்கட்ட ஒரு தமாஷ் பண்ணினார். "காடும் அண்ணனுக்கு, துப்பாக்கியும் அண்ணனுக்கு. சத்தத்த வேணா நீ எடுத்துக்க கண்ணு." சபை சிரித்தது. பொன்னாயி சிரிக்கவில்லை. குனிந்து தாம்பாளத்திலிருந்து வெற்றிலையை எடுத்துக்கொண்டாள். வெற்றிலை எடுத்துவிட்டால் சபையில் சொன்ன சொல் நின்றது நின்றதுதான். இப்போது அர்த்தனாரி போய் முறையிட்டபோது சின்னுசாமி தலையைச் சொறிந்தார். "நான் வெளையாட்டுக்குத்தான் சொன்னேன் சாமி. அவ வெத்தலைய வெளையாட்டுக்கு எடுக்கலியே!"

வேறு வழியில்லாமல் ஆலத்தூர் நாட்டுக்குப் போனார். பொன்னாயி தண்ணீர் கொடுத்தாள், உட்காரச் சொன்னாள். சத்தத்தைத் திருப்பிக் கொடுத்துவிடச் சொல்லி அவர் கேட்டார்.

"எங்கப்பன் சொத்துல எனக்குன்னு வந்தது அது ஒண்ணுதானுங்கண்ணா. அதையும் கேக்கறீங்களா?"

அர்த்தனாரிக்கு வெட்கமாகப் போய்விட்டது. சொம்பைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார். அந்த வாரமே சபையைக் கூட்டி, பலாமரத்தையும் சுற்றியுள்ள நிலத்தையும் தங்கைக்குக் கொடுத்தார். பொன்னாயி வெற்றிலை எடுத்தாள். சத்தத்தைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. சின்னுசாமி இந்த முறை வாயே திறக்கவில்லை.

சத்தம் வீட்டோடு இருப்பதில்லை, பொன்னாயியோடு போகிறது என்பது அதற்கப்புறம்தான் தெரிந்தது. ஒருநாள் அவள் வந்துகொண்டிருந்த பஸ்ஸுக்குள் வெடிக்கவே, டிரைவர் இறங்கி நாலு டயரையும் தட்டிப் பார்த்தார். அன்றிலிருந்து அர்த்தனாரி போன் போட்டுக் கேட்காமல் தோட்டா போடுவதில்லை. கிழங்கு முற்றும் மாதங்களில் பொன்னாயி பலாமரத்தடியில் தகரக் கொட்டகை போட்டுத் தங்கிக்கொண்டாள். விடியும் நேரத்தில், "அம்மிணி, எங்க இருக்கற?" என்று கேட்பார். "மரத்துக்கிட்ட வந்துட்டேன், சுடுங்கண்ணா" என்பாள். அவர் விசையை இழுப்பார். அவர் பக்கம் ஒன்றும் கேட்காது. மேலே பலாமரத்தடியில் படாரென்று வெடிக்கும், பன்றிகள் வனத்தைப் பார்த்து ஓடும். கிழங்கு தப்பியது.

ஆயுத பூஜைக்கு இப்போது பொட்டு மட்டும்தான். கிழங்கு பிடுங்கியானபிறகு துப்பாக்கியை எண்ணெய் போட்டுத் துடைத்து மூலையில் சாத்திவிடுகிறார். பொன்னாயியும் ஆலத்தூர் நாட்டுக்குப் போய்விடுகிறாள். ஆனாலும் விடியும் நேரத்தில் போன் போகிறது. எங்கே இருக்கிறாய் என்று அவர் கேட்கிறார், அவள் சொல்கிறாள்.